ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்: குறுந்தூர விமானத்தில் பிசினஸ் கிளாஸ் காலை டிபன்

மகனோ மகளோ டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கலாம். வருஷக்கணக்கில் சேர்த்த மைல் புள்ளிகளைச் செலவழித்து நீங்களே எடுத்திருக்கலாம். செக்-இன் கவுன்ட்டரில் நிற்கும்போது இடமில்லை என்று முன்பக்கம் மாற்றிக் கொடுத்திருக்கலாம். எப்படியோ, காலை விமானத்தில் பிசினஸ் கிளாஸ் இருக்கை கிடைத்துவிட்டது. பயணமோ மூன்று மணி நேரத்துக்குள். அந்த ஒருவேளை டிபனை எப்படி நிறைவாகச் சாப்பிடுவது என்பதற்காக மட்டுமே இந்த அத்தியாயம்.

பத்து மணி நேரப் பயணத்தில் அவசரம் இல்லை. தூங்கி எழுந்து சாப்பிடலாம், பிடித்ததை மறுபடி கேட்கலாம். குறுந்தூரத்தில் அது நடக்காது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரிதான். இலை போட்டதும் கவனம் இலையில் இருக்க வேண்டும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த பந்திக்கு ஆள் வந்து நிற்பார். வித்தியாசம் என்னவென்றால், பந்தியில் பரிமாறுகிறவர் திரும்பவும் ஒரு சுற்று வருவார். இங்கே சூடான பதார்த்தம் ஒரே ஒரு முறைதான் வரும்.

அதனால் இந்த அத்தியாயத்தில் திரும்பத் திரும்ப வரப்போகும் யோசனை ஒன்றுதான்: முடிவெடுக்கும் வேலையெல்லாம் தரையிலேயே முடியட்டும், மேலே போனபின் சூடானதை முதலில் சாப்பிடுங்கள்.

உதாரணத்துக்கு நான் அடிக்கடி போகும் சிங்கப்பூர்–பாங்காக் காலை விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். நம்மவர்கள் அதிகம் போகும் சென்னை–கொழும்பு, சென்னை–டெல்லி தடங்களும் இடையிடையே வரும்.

நேரக் கணக்கை முதலில் போடுங்கள்

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம், விமானம் ஒரு நிலையத்தின் வாசலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த நிலையத்தின் வாசலில் நிற்பது வரை. சாப்பிடுவதற்கு அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். இப்படிக் கழித்துப் பாருங்கள்:

1. ஓடுபாதை வரை ஊர்ந்து போவதற்கும், இறங்கியபின் வாசலுக்கு வருவதற்கும் 25 நிமிடம்.
2. மேலேறி, சீட் பெல்ட் விளக்கு அணைந்து, பணியாளர்கள் எழுந்து முதல் ட்ரேயைக் கொண்டுவருவதற்கு 20 நிமிடம்.
3. இறங்கத் தொடங்கும்போது எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, பலகையை மடக்கச் சொல்வதற்கு 25 நிமிடம்.

ஆக மொத்தம் 70 நிமிடம் போய்விடுகிறது. சிங்கப்பூர்–பாங்காக் கிட்டத்தட்ட 2 மணி 25 நிமிடம் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றேகால் மணி. சென்னை–டெல்லியில் ஒன்றரை மணிக்கு மேல் கிடைக்கும். சென்னை–கொழும்பு ஒன்றரை மணிப் பயணம் என்று வைத்தால் மிஞ்சுவது 20 நிமிடம்தான். சிங்கப்பூர்–கோலாலம்பூரில் வானத்தில் இருப்பதே முக்கால் மணி சொச்சம். அங்கே முழு டிபனை எதிர்பார்க்க வேண்டாம், கிடைக்கும் சிறு தட்டைச் சட்டென்று சாப்பிட்டு முடியுங்கள்.

இது தோராயக் கணக்கு. காற்றும் நெரிசலும் மாற்றும். ஆனால் 20 நிமிடப் பயணியா, 75 நிமிடப் பயணியா என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரிந்திருந்தால், லவுஞ்சில் எவ்வளவு சாப்பிடுவது, காபியை எப்போது கேட்பது என்ற கேள்விகளுக்குத் தானாகவே விடை வந்துவிடும்.

முந்தின நாள் செய்யவேண்டியவை

1. விமான நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் முன்பதிவைத் திறந்து உணவுப் பகுதிக்குப் போங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 'புக் தி குக்' என்ற ஏற்பாடு இருக்கிறது. புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே பிரதான பதார்த்தத்தைத் தேர்ந்தெடுத்து வைக்கலாம். மற்ற சில நிறுவனங்களிலும் வேறு பெயரில் இதே வசதி உண்டு. தடத்துக்குத் தடம் பட்டியல் மாறும். போகும்போது இருக்கும் பதார்த்தம் வரும்போது இருக்காது.

2. சைவம் சாப்பிடுபவர்கள் சிறப்பு உணவைக் கட்டாயம் முன்கூட்டியே பதியுங்கள். 'மேலே போய்ச் சொல்லிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடாதீர்கள். விமானத்தில் சமையல் கிடையாது. தரையில் சமைத்து, உடனே குளிரவைத்து ஏற்றிய உணவை மேலே அடுப்பில் சூடு மட்டும் பண்ணுகிறார்கள். ஏற்றாத ஒன்றை யாராலும் கொடுக்க முடியாது.

3. குறியீட்டைச் சரியாகப் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே நான்கெழுத்துக் குறியீடுகளைப் பயன்படுத்துகின்றன. நம்மவர்கள் தவறுவது இங்கேதான்.

 • ஏவிஎம்எல்: இந்திய முறைச் சைவம். முட்டை இருக்காது. பால், தயிர் இருக்கலாம். இட்லி, உப்புமா வகையறா வரும் வாய்ப்பு இதில்தான் அதிகம்.
 • வீஎல்எம்எல்: மேற்கத்திய முறைச் சைவம். முட்டையும் பாலும் உண்டு.
 • விஜிஎம்எல்: பால்கூடக் கிடையாது. நெய், தயிர் எதிர்பார்க்காதீர்கள்.
 • வீஜேஎம்எல்: சமண முறை. வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது.
 • எச்என்எம்எல்: இந்து உணவு. பெயரைப் பார்த்துச் சைவம் என்று நினைத்து இதைப் பதிகிறவர்கள் ஏராளம். இது அசைவம். மாட்டிறைச்சி இருக்காது. கோழி, ஆடு, மீன், முட்டை வரலாம்.
 • டீபிஎம்எல்: சர்க்கரை நோயாளிகளுக்கு.
 • எம்ஓஎம்எல்: ஹலால் உணவு.

4. சிறப்பு உணவு பதிந்தால் அது மட்டுமே உங்களுக்கு வரும். பக்கத்து இருக்கைக்காரரின் ஆம்லெட்டைப் பார்த்து மனம் மாறினாலும் கிடைப்பது அரிது. சைவமா அசைவமா என்பதில் பிடிவாதம் இல்லாதவர்கள் சிறப்பு உணவு பதியாமல் மெனுவிலிருந்து எடுத்துக்கொள்வதே நல்லது. தேர்வு கூடும்.

5. விமானம் மாறி ஏறுவதானால் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். டிக்கெட் தேதியை மாற்றினால் உணவுப் பதிவு அழிந்துபோகக்கூடும். மாற்றிய கையோடு திரும்பவும் பாருங்கள்.

காலை மாத்திரை

இதற்குத் தனித் தலைப்பு கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. விடிகாலை விமானம் நம் மாத்திரை நேரங்களை அப்படியே புரட்டிப் போட்டுவிடுகிறது.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. காபியும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான். விமானத்தில் 8 மணிக்கு டிபன் என்றால் 7 மணிக்கு, ஏறும் வாசலில் காத்திருக்கும்போது தண்ணீரோடு போட்டுக்கொள்வது வசதி. லவுஞ்சில் காபி குடித்துவிட்டு நினைவு வந்து பிரயோஜனமில்லை.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விமானம் ஓடுபாதையில் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். மேலே ஆட்டம் இருந்தால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். 'இதோ சாப்பாடு வந்துவிடும்' என்ற கணக்கில் ஊசி போடாதீர்கள். ட்ரே உங்கள் முன்னால் வந்து, கையில் கரண்டியை எடுத்தபின் போடுங்கள். மருந்து, நாலு பிஸ்கட், கொஞ்சம் குளுக்கோஸ் எல்லாம் மேலே வைக்கும் பெட்டியில் வேண்டாம், காலடிப் பையில் இருக்கட்டும். பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்து பெட்டியைத் திறக்க முடியாது.

ஊர் நேரமும் மாறும். பாங்காக் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போனால் இரண்டரை மணி நேரம் முன்னால். அடுத்த வேளை மருந்தை எந்த ஊர்க் கடிகாரப்படி எடுப்பது என்று கிளம்புவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள்.

லவுஞ்சில் கையைக் கட்டுங்கள்

பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டோடு பெரும்பாலும் லவுஞ்ச் அனுமதியும் வரும். அங்கே நூடுல்ஸ், டிம்சம், முட்டை, ரொட்டி என்று வரிசையாக அடுக்கியிருக்கும். காலையில் சாப்பிடாமல் நாலு மணிக்கே எழுந்து வந்தவருக்கு அதைப் பார்த்ததும் பசிக்கும். அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டால் மேலே ட்ரேயைத் தொட மனம் வராது.

• 75 நிமிடப் பயணியா? லவுஞ்சில் ஒரு வாழைப்பழம், ஒரு காபி. அதோடு நிறுத்துங்கள்.
• 20 நிமிடப் பயணியா? அங்கேயே பாதி வயிறு சாப்பிட்டுவிடலாம். மேலே வருவதை ருசி பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.
• எந்தப் பயணமானாலும் தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நாக்கு உலர்ந்தால் ருசி தெரியாது.
• பட்டாணிச் சுண்டல், பயறு, சோடா, வறுத்த பண்டங்கள் வேண்டாம். மேலே காற்றழுத்தம் குறைவதால் வயிற்றிலிருக்கும் வாயு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விரியும். வயிறு உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எந்த டிபனும் இறங்காது.

ருசி ஏன் மாறுகிறது

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல வைக்கப்படுகிறது. நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உட்கார்ந்து சாப்பிடுவது போல. அதோடு வறண்ட காற்று, இடைவிடாத எஞ்சின் இரைச்சல். 2010-ல் லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் செய்த ஆய்வில், உப்பு 20–30 சதவீதமும் இனிப்பு 15–20 சதவீதமும் குறைவாகத் தெரிவதாகக் கண்டார்கள். தக்காளி, காளான், சீஸ், சோயா சாஸில் இருக்கும் அந்த ஆழ்ந்த சுவையை இரைச்சல் தூக்கிக் காட்டுவதாக 2015-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: மெனுவில் இரண்டு தேர்வு இருந்தால் தக்காளியோ காளானோ சேர்ந்ததை, அல்லது சாம்பார், சட்னி, சம்பல் என்று காரம் புளிப்போடு வருவதை எடுங்கள். வெறும் பான்கேக், சாதுவான முட்டைப் பொரியல் இவையெல்லாம் மேலே சப்பென்று இருக்கும். 'உப்பே இல்லை' என்று சிறு குப்பியைக் கவிழ்க்காதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிளகைத் தூவுங்கள், எலுமிச்சை இருந்தால் பிழியுங்கள்.

இருக்கையில் உட்கார்ந்ததும்

1. மெனு அட்டை இருந்தால் உடனே படித்து, முதல் தேர்வு, இரண்டாம் தேர்வு இரண்டையும் மனதில் வையுங்கள். பின்வரிசையில் இருந்தால் உங்கள் முறை வருவதற்குள் ஒன்று தீர்ந்து போயிருக்கலாம்.
2. உணவுப் பலகை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி வையுங்கள். முன்சீட்டின் முதுகில் இல்லாவிட்டால் கைப்பிடிக்குள் இருக்கும். மூடியைத் தூக்கி, இழுத்து, சாய்த்து விரிக்க வேண்டும். ட்ரேயோடு ஆள் வந்து நிற்கும்போது தடுமாறவேண்டாம்.
3. சிறப்பு உணவு பதிந்திருந்தால் பணியாளர் வந்து உறுதி செய்வார். வராவிட்டால் விமானம் கிளம்பும் முன்பே கேளுங்கள். "தங்கச்சி, எனக்குச் சைவம் பதிந்திருக்கிறேன், வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லம்மா" என்று கொழும்பு விமானத்தில் தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். சில நாள் தமிழிலேயே பதில் வரும்.
4. சூடான சிறு துண்டு கொடுத்தால் கைகளைத் துடையுங்கள். விரலால் சாப்பிடத் தயங்க வேண்டியதில்லை. இட்லிக்கும் பரோட்டாவுக்கும் முள்கரண்டி தேவையே இல்லை.
5. தூங்கப் போகிறீர்கள் என்றால் டிபனுக்கு எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். சொல்லாவிட்டால் பயணி தூங்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். கண் விழிக்கும்போது விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்.

ட்ரே வந்ததும்

குறுந்தூரத்தில் பெரும்பாலும் எல்லாம் ஒரே ட்ரேயில் வந்துவிடும். வெள்ளைத் துணி விரித்த ட்ரே. இடதுபக்கம் வெட்டிய பழம், அதற்குப் பின்னால் தயிர்க் கிண்ணம், ஓரத்தில் வெண்ணெயும் ஜாமும், நடுவில் சூடான தட்டு. துணி நாப்கினின் ஒரு மூலையில் பொத்தான் துளை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொள்ளத்தான் அது. வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் பேருதவி.

இங்கே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்பு அம்மாவைக் கொழும்புக்கு அழைத்துப் போனேன். அவருக்கு அது முதல் பிசினஸ் கிளாஸ் பயணம். ட்ரேயில் உப்புமா, சின்ன மெதுவடை, மூடிபோட்ட கிண்ணத்தில் சாம்பார். அம்மா இலையில் இனிப்பைத் தொட்டுத் தொடங்கும் பழக்கப்படி பப்பாளித் துண்டில் ஆரம்பித்தார். பிறகு தயிர். பிறகு ரொட்டியைப் பிய்த்து, வெண்ணெய் தடவி, பொறுமையாக. உப்புமாவின் மூடியைத் திறந்தபோது அது கிண்ணத்தின் வடிவத்திலேயே இறுகியிருந்தது. முந்திரியைச் சுற்றி நெய் வெள்ளையாக உறைந்திருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் பண்ணியிருக்காங்க, ஆறிப்போச்சு" என்று மூடிவைத்தார். அடுத்த நிமிடம் ட்ரேயை எடுக்க வந்துவிட்டார்கள். சமைத்தவர் மேலும் தப்பில்லை, கொடுத்தவர் மேலும் தப்பில்லை. வரிசையை முன்கூட்டியே நான் சொல்லியிருக்க வேண்டும்.

வரிசை இதுதான்:

1. முதலில் சூடான தட்டின் மூடியைத் திறங்கள். மூடி உலோகமோ அலுமினியத் தாளோ, உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பிலிருந்து தூக்குங்கள். ஆவி முகத்தில் அடிக்காது. அலுமினியத் தாளின் விளிம்பு விரலைச் சுடும், நாப்கினால் பிடியுங்கள்.
2. சூடானதில் பாதியாவது சாப்பிட்டு முடியுங்கள்.
3. அடுத்து ரொட்டி. அது சூடாக வந்தால் சூடான தட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். வெண்ணெய்க் கட்டி கல்லாக இருந்தால் பொட்டலத்தோடு சூடான தட்டின் விளிம்பில் சாய்த்து வையுங்கள். இரண்டு நிமிடத்தில் இளகும்.
4. தயிர்.
5. பழம் கடைசியில். அது ஆறாது, வறளாது. நேரம் தீர்ந்தால் விட்டுவிட்டாலும் பெரிய இழப்பு இல்லை.

பதார்த்தம் வாரியாகச் சில நுணுக்கங்கள்:

*இட்லி.* இரண்டாம் முறை சூடாக்கும்போது ஓரம் உலர்ந்து தோல் கட்டும். தட்டு வந்ததும் இட்லியை நாலாகப் பிளந்து, சாம்பாரை மேலே ஊற்றி, மூடியைத் திரும்பப் போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். மூடிக்குள் ஆவி சுழன்று ஓரம் மறுபடி மெத்தென்று ஆகும். சட்னியை ஊறவைக்கும்போது சேர்க்காதீர்கள், தனியே தொட்டுக்கொள்ளுங்கள்.

*மெதுவடை.* மொறுமொறுப்பை விமானத்தில் தேடாதீர்கள். சாம்பார் வடையாக்கிவிடுங்கள். ஊறினால் அதற்கென்று ஒரு ருசி.

*உப்புமா, பொங்கல்.* இவைதான் சீக்கிரம் இறுகும். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதில் தொடங்குங்கள். கரண்டியால் ஒருமுறை கிளறி, நெய்யைப் பரவவிட்டுச் சாப்பிடுங்கள்.

*தோசை.* தேர்வு இருந்தால் தவிருங்கள். கல்லிலிருந்து நேரே இலைக்கு வரவேண்டிய பண்டம் அது. குளிரவைத்துச் சூடாக்கினால் தோல் போல ஆகிவிடும். ஊத்தப்பம் ஓரளவு தாங்கும்.

*ஆம்லெட்.* விமானத்தில் முட்டை முழுக்க வெந்துதான் வரும். அரைவேக்காட்டு மஞ்சள் கருவை எதிர்பார்க்காதீர்கள், பாதுகாப்புக்காகவே அப்படி. நடுவில் காளானோ சீஸோ வைத்த ஆம்லெட் ஈரத்தைத் தக்கவைக்கும். வெறும் ஆம்லெட் ரப்பராகும்.

*நாசி லெமாக்.* சிங்கப்பூர், மலேசியத் தடங்களில் காலைக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை என்பது என் தீர்ந்த முடிவு. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு அடுப்புச் சூட்டைத் தாங்கும். சம்பலின் காரமும் நெத்திலியின் உப்பும் மேலே போயும் மங்குவதில்லை. அசைவம் சாப்பிடுபவர்கள் முன்பதிவில் இது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் சம்பலில் இறாலோ நெத்திலியோ சேர்ந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

*குரோசான்.* பிய்த்தால் செதில் செதிலாக மடியெங்கும் கொட்டும். ட்ரேக்கு மேலே தலையைக் கொண்டுபோய்ப் பிய்த்துச் சாப்பிடுங்கள். சூடாக இல்லாவிட்டால் "கொஞ்சம் சூடாக்க முடியுமா" என்று கேட்கலாம். 75 நிமிடப் பயணத்தில் மனமுவந்து செய்வார்கள். 20 நிமிடப் பயணத்தில் கேட்காதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

காபியா, டீயா

ஊட்டியில் அரிசி வேக நேரமாகும் என்பது நமக்குத் தெரியும். தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. விமானத்துக்குள்ளும் அதே நிலைமைதான். அதனால் சாதாரணமாக இரண்டு நிமிடத்தில் இறங்கும் டீ இங்கே இறங்காது. டீப்பையை நாலைந்து நிமிடம் ஊறவிடுங்கள், கோப்பையின் மேல் சாஸரை மூடி வையுங்கள்.

காபியைப் பொறுத்தவரை வீட்டு ஃபில்டர் காபியை இதில் தேடினால் ஏமாற்றம்தான். பாலை அப்படியே ஊற்றினால் வெதுவெதுவென்று ஆகிவிடும். சூடான பால் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் காபியைக் கெட்டியாகப் பாதிக் கோப்பை வாங்கி, பாலைப் பாதி ஊற்றிக்கொள்ளுங்கள். நம் டபராவுக்கு ஓரளவு பக்கத்தில் வரும்.

எப்போது கேட்பது என்பதுதான் முக்கியம். ட்ரேயோடு சேர்த்துக் காபி வாங்கினால் ஒன்று காபி ஆறும், இல்லையென்றால் உப்புமா ஆறும். சூடான தட்டு முடிந்தபின் கேளுங்கள். 20 நிமிடப் பயணத்தில் மட்டும் ட்ரேயோடு வாங்கிவிடுங்கள், திரும்ப வர அவர்களுக்கு நேரம் இருக்காது.

பாதுகாப்பு

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வான்வெளியில் கடும் ஆட்டத்தில் சிக்கியது. காலை உணவு பரிமாறிக்கொண்டிருந்த நேரம். நாலைந்து விநாடிக்குள் 178 அடி இறங்கியது. ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள், விமானம் பாங்காக்கில் இறக்கப்பட்டது. அதற்குப் பிறகு, பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானம் மட்டுமல்ல, உணவு பரிமாறுவதையும் நிறுத்துவது என்று அந்த நிறுவனம் விதியை மாற்றியது. டிபன் தாமதமானால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் தோலைக் காப்பாற்றத்தான் அந்தத் தாமதம்.

1. சாப்பிடும்போதும் பெல்ட் இடுப்பில் இருக்கட்டும். தொப்பை அழுத்தினால் கொஞ்சம் தளர்த்துங்கள், கழற்றாதீர்கள்.
2. கோப்பையை முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப விடாதீர்கள். ஆட ஆரம்பித்தால் கோப்பையைக் கையில் பிடித்து, பலகைக்கு மேலேயே, மடியை விட்டுத் தள்ளி வையுங்கள்.
3. பணியாளர் சூடான பானம் ஊற்றும்போது கோப்பையை நீங்கள் தூக்கி நீட்டாதீர்கள். அவர் நீட்டும் சிறு தட்டில் கோப்பையை வையுங்கள், ஊற்றித் திரும்பத் தருவார்.
4. பக்கத்தில் குழந்தை இருந்தால் சூடான பானத்தைக் குழந்தை இல்லாத பக்கத்தில் வையுங்கள். மயோர்க்காவிலிருந்து வியன்னா போன ஒரு விமானத்தில் அப்பாவின் பலகையிலிருந்த மூடியில்லாத காபி சாய்ந்து ஆறு வயது மகளுக்குச் சூட்டுக்காயம் ஏற்பட்டது. அந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2019 டிசம்பரில் விமான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பானது.
5. சூடு பட்டுவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே பணியாளரை அழையுங்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் 20 நிமிடம் ஊற்ற வேண்டும். ஐஸ் கட்டி, பற்பசை, வெண்ணெய் எதுவும் தடவக்கூடாது.
6. வேர்க்கடலை, முந்திரி, இறால், முட்டை எதுவானாலும் கடும் ஒவ்வாமை இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள், ஏறியதும் திரும்பச் சொல்லுங்கள், ஒவ்வாமைக்கான அவசர ஊசியைக் காலடிப் பையில் வையுங்கள். பக்கத்து இருக்கைக்காரருக்குக் கொட்டை பரிமாற மாட்டோம் என்று விமான நிறுவனங்கள் உறுதி தருவதில்லை.

இறங்கும் முன்

மிச்சமான பழம், இறைச்சி, தயிரைப் பையில் எடுத்துப் போகாதீர்கள். பல நாடுகளில் சுங்கத்தில் தடை உண்டு. சூடாக்கி வெளியே வைத்த உணவு வெயிலில் சீக்கிரம் கெடும். பிரிக்காத பிஸ்கட், சாக்லேட் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு மிட்டாயோ ரொட்டித் துண்டோ கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். விமானம் இறங்கும்போது மென்று விழுங்கினால் காது அடைப்பு விடும். சளி பிடித்திருப்பவர்களுக்கு இது ரொம்பவும் தேவை.

ட்ரேயைக் கொடுக்கும் முன் துணி நாப்கினை ஒருமுறை உதறிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, டிஷ்யூவில் சுற்றிவைத்த பல்செட் எல்லாம் இப்படித்தான் ட்ரேயோடு போகின்றன. வண்டிக்குள் போய்விட்டால் நூறு ட்ரேக்களுக்கு நடுவே தேடி எடுப்பது கடினம். சாப்பிட உட்கார்ந்ததும் இவற்றைச் சட்டைப் பையிலோ இருக்கையின் சிறு அறையிலோ வைத்துவிடுங்கள், ட்ரேயில் வைக்கவே வேண்டாம்.